மெடிகெயர் மருந்துச் செலவு 2026: அரை வருசம் அமெரிக்கா, அரை வருசம் யாழ்ப்பாணம் என்றால் கணக்கு எப்படி?

கொக்குவில் மகள் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 72 வயது, அமெரிக்கக் குடியுரிமை. விலாசம் நியூஜேர்சியில் அண்ணா வீடு. வருசா வருசம் ஒக்ரோபர் கடைசியில் இங்கே வந்து, சித்திரை வருசப்பிறப்பு முடியத் திரும்பிப் போவா. மெடிகெயரில் (வயதானவர்களுக்கான அமெரிக்க அரச மருத்துவக் காப்புறுதி) பாட் ஏ (ஆஸ்பத்திரிச் செலவுக்கு), பாட் பி (டொக்டர் செலவுக்கு) இருக்கு. மருந்துக்குத் தனியாக ஒரு பாட் டி திட்டமும் இருக்கு.

எடுக்கிற மருந்துகள்: எலிக்விஸ் 5 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று. ஜார்டியன்ஸ் 10 மி.கி. காலை ஒன்று. மெற்ஃபோமின் 500 மி.கி. காலை இரண்டு, இரவு இரண்டு. அற்றோவாஸ்ரற்றின் 40 மி.கி. இரவு ஒன்று. லான்ரஸ் இன்சுலின் பேனை, இரவில் 14 அலகு.

இப்போது வருசத்துக்கு 2,000 டொலருக்கு மேல் மருந்துக்குக் கட்டத் தேவையில்லை என்று எல்லாரும் சொல்லுகினம். அது எல்லா மருந்துக்குமோ? யாழ்ப்பாணத்தில் பாமசியில் வாங்குகிற மருந்தின் பில்லை அந்தக் கணக்கில் சேர்க்கலாமோ? இங்கே நிற்கிற ஆறு மாதமும் பாட் டி-யை நிறுத்தி வைத்துவிட்டு, திரும்பிப் போன பிறகு தொடங்கினால் மாதக் கட்டுப்பணம் மிச்சம் என்று அண்ணா யோசிக்கிறார். அதில் ஏதாவது பிழை வருமோ? விசயம் தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் பெரிய உதவி.


வட்டூரான்:

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லுறன், ஏனென்றால் அதில்தான் அவசரம் இருக்கு. நிறுத்த வேண்டாம். அண்ணாவுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கோ.

பாட் டி திட்டம் நினைத்த நேரம் மூடித் திறக்கிற ஒன்றல்ல. சேருவதற்கும் மாறுவதற்கும் விடுவதற்கும் பொதுவான காலம் ஒக்ரோபர் 15 முதல் டிசெம்பர் 7 வரை. அப்போது செய்கிற மாற்றம் ஜனவரி 1 இல் தொடங்கும். இந்த டிசெம்பரில் விட்டால், சித்திரையில் அங்கே போய் இறங்கினாலும் அடுத்த ஜனவரி வரை திட்டம் இல்லை. அந்த எட்டு மாதமும் எலிக்விஸும் ஜார்டியன்ஸும் முழு விலையில் வாங்க வேண்டி வரும். அரசாங்கம் பேசிக் குறைத்த விலை பாட் டி-யில் இருப்பவருக்கு மட்டும்தான்.

அதற்கு மேல் தண்டமும் இருக்கு. மருந்துக் காப்புறுதி இல்லாமல் தொடர்ந்து 63 நாள் போனால், விடுபட்ட ஒவ்வொரு முழு மாதத்துக்கும் தேசிய அடிப்படைக் கட்டுப்பணத்தின் 1 வீதம் கூடும். 2026 இல் அந்த அடிப்படை 38.99 டொலர். 12 மாதம் விடுபட்டால் 12 வீதம், அதாவது 4.68, அதைக் கிட்டிய பத்துச் சதத்துக்கு மாற்றி மாதம் 4.70 டொலர். சின்னக் காசு மாதிரித் தெரியும். ஆனால் பாட் டி இருக்கும் காலம் முழுக்க, ஆயுசுக்கும் அது தொடரும். அடிப்படை கூடினால் தண்டமும் கூடும்.

"வெளிநாட்டில் இருந்த காலத்துக்குத் தண்டம் இல்லை" என்று யாராவது சொல்லியிருப்பினம். அது உண்மை, ஆனால் அமெரிக்காவில் வீட்டை முடித்து வெளிநாட்டிலேயே குடியேறினவருக்கு. அவர் பாட் டி-யில் சேரத் தகுதியே இல்லாத இடத்தில் இருப்பதால் அந்த மாதங்கள் கணக்கில் வராது. திரும்பி அங்கே குடிபோகும்போது திட்டத்தில் சேர இரண்டு மாத விசேட காலமும் கிடைக்கும். உங்கள் அம்மாவின் நிரந்தர விலாசம் நியூஜேர்சி. அவ இங்கே வருவது பயணம். அதனால் அந்தச் சலுகை அவவுக்குப் பொருந்தாது.

இனி நீங்கள் கேட்ட 2,000 டொலர் உச்சவரம்புக்கு வாறன். 2022 ஓகஸ்ட் 16 இல் கையொப்பமான பணவீக்கக் குறைப்புச் சட்டம்தான் இதெல்லாத்துக்கும் மூலம். 2025 இல் உச்சவரம்பு 2,000 டொலர். 2026 இல் 2,100. ஒவ்வொரு வருசமும் மாறும் தொகை இது, ஆகவே 2,000 என்பதை மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டாம். முன்பு நடுவில் "டோனட் ஓட்டை" என்று ஒரு கட்டம் இருந்தது. 2025 ஜனவரியோடு அது போய்விட்டது. இப்போது மூன்றே கட்டம். முதலில் டிடக்டிபிள்: 2026 இல் கூடியது 615 டொலர் வரை முழுக்க நீங்களே கட்டுவது. (சில திட்டங்களில் இது குறைவு. மலிவான ஜெனரிக்குக்கு (வர்த்தகப் பெயர் இல்லாமல் வருகிற அதே மருந்து) டிடக்டிபிளே எடுக்காத திட்டங்களும் நிறைய.) அதன் பிறகு 25 வீதம் நீங்கள். கையால் கட்டினது 2,100 ஐத் தொட்டதும் டிசெம்பர் 31 வரை பூச்சியம். ஜனவரி 1 இல் மீற்றர் திரும்பப் பூச்சியத்தில் இருந்து ஓடும்.

அந்த 2,100 க்குள் எது சேரும், எது சேராது என்பதில்தான் ஆட்கள் பிழை விடுகினம். திட்டத்தின் மருந்துப் பட்டியலில் உள்ள மருந்தை, திட்டத்தோடு சேர்ந்த பாமசியில், திட்ட அட்டையைக் காட்டி வாங்கினால் நீங்கள் கட்டியது சேரும். மாதக் கட்டுப்பணம் சேராது. பட்டியலில் இல்லாத மருந்து சேராது. கழிவுக் கூப்பன் காட்டி, காப்புறுதியைத் தொடாமல் காசுக்கு வாங்கினதும் தானாகச் சேராது. விற்றமின், இருமல் பாணி, நேரே கடையில் எடுக்கிற வலிக்குளிசை எதுவும் சேராது. டொக்டரிடம் போய் ஏற்றுகிற ஊசி மருந்துகள் பாட் பி-யின் கீழ் வரும். அங்கே 20 வீதம் உங்களுடையது. மேலதிகக் காப்புறுதி இல்லாவிட்டால் அதற்கு உச்சவரம்பே கிடையாது. யாழ்ப்பாணத்துப் பில்லும் சேராது. அமெரிக்காவுக்கு வெளியே வாங்குகிற மருந்துக்குப் பாட் டி ஒரு சதமும் தராது.

2,100 என்பது திட்டத்தின் பட்டியலுக்குள் இருக்கிற மருந்துக்குப் போட்ட கூரை. பட்டியலுக்கு வெளியே நின்றால் நனைய வேண்டியதுதான். ஆகவே கட்டுப்பணத்தைப் பார்க்க முதல் பட்டியலைப் பாருங்கோ.


ஆனைக்கோட்டை அக்கா:

வட்டூரான் சொன்னதெல்லாம் சரி. நான் அம்மாவின் மருந்தை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தன்.

2026 ஜனவரி 1 முதல் பத்து மருந்துக்கு மெடிகெயர் பேசித் தீர்த்த விலை நடைமுறைக்கு வந்திருக்கு. அம்மாவின் இரண்டு விலைகூடின மருந்தும் அதில் இருக்கு. 30 நாளுக்கு எலிக்விஸ் 231 டொலர். 2023 இல் பட்டியல் விலை 521. ஜார்டியன்ஸ் 197, முன்பு 573. மற்றவை ஜனுவியா (113), ஃபார்சிகா (178.50), சரெல்ரோ (197), என்ட்ரெஸ்டோ (295), நோவோலொக் மற்றும் ஃபியாஸ்ப் இன்சுலின் (119), மூட்டுவாதத்துக்கான என்ப்ரெல், ஸ்ரெலாரா, இரத்தப் புற்றுநோய்க்கான இம்புறுவிக்கா. இந்தப் பத்தையும் ஒவ்வொரு பாட் டி திட்டமும் பட்டியலில் வைத்தே ஆகவேண்டும். ஆனால் எந்த விலைப்படியில் வைப்பது, முன் அனுமதி கேட்பதோ என்பது திட்டத்தின் கையில்.

வழமையான அமைப்புள்ள திட்டம் என்று வைப்பம். இரண்டும் சேர்ந்து மாதம் 428 டொலர். வருசம் முழுக்க அங்கேயே வாங்கினால்:

ஜனவரி: 428 முழுக்கக் கையால்.
பெப்ரவரி: டிடக்டிபிளில் மிச்சம் 187, மீதி 241 இன் கால்பங்கு 60.25, ஆக 247.25.
மார்ச் முதல் மாதம் 107.
வருசத்துக்கு 1,745.25.

அதாவது உச்சவரம்பைத் தொடவே மாட்டா. இதே மருந்து பழைய 1,094 டொலர் விலையில் இருந்திருந்தால் ஜூனிலேயே 2,100 முடிந்திருக்கும். விலை அரைவாசிக்கு மேல் குறைந்தும் கையில் மிஞ்சுவது 355 டொலர் மட்டும்தான், ஏனென்றால் உச்சவரம்பு ஏற்கெனவே காப்பாற்றுகிறது. "விலை குறைஞ்சுது, ஏன் என்ர பில் பாதியாகேல்லை" என்று கேட்பவர்களுக்குக் காரணம் இதுதான்.

அம்மா மே முதல் ஒக்ரோபர் வரை ஆறு மாதம் மாதாமாதம் எடுத்து, வெளிக்கிடும்போது 90 நாள் மருந்தும் எடுத்தால் ஒன்பது மாத மருந்து: 3,852 டொலர் பெறுமதி, கையால் 1,424.25. மெற்ஃபோமினும் அற்றோவாஸ்ரற்றினும் ஜெனரிக் என்பதால் பெரும்பாலான திட்டங்களில் ஒன்றுமில்லை அல்லது சில டொலர். இன்சுலினுக்கு டிடக்டிபிள் கிடையாது. 2023 முதல் மாதம் 35 டொலருக்கு மேல் கேட்க முடியாது. 2026 முதல் 35 அல்லது பேசின விலையின் 25 வீதம், எது குறைவோ அது. மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் 105 க்கு மேல் போகாது. ஒவ்வொரு இன்சுலின் வகைக்கும் தனித்தனி 35 என்பதையும் கவனியுங்கோ.

மாதத் தவணை பற்றியும் யாராவது அண்ணாவுக்குச் சொல்லுவினம். 2025 இல் வந்த வசதி. பாமசியில் காசு கட்டாமல் மருந்தை எடுத்து, திட்டம் அனுப்புகிற மாத பில்லைக் கட்டலாம். வட்டி இல்லை, சேரக் காசும் இல்லை. ஆனால் அது சமமான தவணை என்று நினைத்துத்தான் ஆட்கள் மாட்டுப்படுகினம். முதல் மாதம் கூடியது 2,100 ஐ 12 ஆல் பிரித்த 175. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் மிச்சக் கடனோடு புதுச் செலவைக் கூட்டி, வருசத்தில் மிஞ்சியிருக்கும் மாதத்தால் பிரிப்பார்கள். மேலே உள்ள வருச உதாரணத்தில் ஜனவரி 175, பெப்ரவரி 45.48, மார்ச் 56.18 என்று இறங்கி, பிறகு ஏறி ஏறிப் போய் நவம்பர் 251.87, டிசெம்பர் 358.88. மொத்தம் அதே 1,745.25 தான். வருசக் கடைசியில்தான் பாரம் விழும், அந்த நேரம் அம்மா இங்கே. பில் அண்ணா வீட்டுக்குப் போகும். கட்டாமல் விட்டால் இரண்டு மாத அவகாசத்துக்குப் பிறகு தவணை வசதியில் இருந்து எடுத்துவிடுவார்கள். மருந்துத் திட்டம் போகாது, கடன் நிற்கும். ஜனவரியில் மூவாயிரம் நாலாயிரம் டொலர் மருந்து ஒரேயடியாக எடுக்கிற புற்றுநோய்க்காரருக்கு இந்தத் தவணை உயிர்காப்பு. அம்மாவுக்கு அவ்வளவு பிரயோசனம் இல்லை.


கொக்குவில் மகள்:

அக்கா, வட்டூரான் அண்ணா, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. அண்ணாவுக்கு அனுப்பிவிட்டன், நிறுத்துகிற கதையை விட்டுட்டார்.

இப்ப இருக்கிற திட்டம் நல்லதோ என்று எப்படிப் பார்ப்பது? அம்மா ஒக்ரோபர் 26 வாக்கில் வெளிக்கிடுவா. தெரிவுக் காலம் 15 இல்தானே தொடங்குது. பத்து நாள்தான் இருக்கும். இன்னொன்று, பெப்ரவரி முதல் சித்திரை வரைக்கான மருந்துக்கு என்ன வழி?


வட்டூரான்:

பத்து நாள் தாராளம். ஆனால் வேலை செப்ரெம்பரிலேயே தொடங்கும்.

செப்ரெம்பர் 30 க்குள் திட்டத்திடம் இருந்து வருடாந்த மாற்ற அறிவித்தல் தபாலில் வரும். அதை விளம்பரக் கடிதம் என்று குப்பையில் போடுவதுதான் பொதுவான பிழை. அடுத்த வருசம் எந்த மருந்து பட்டியலில் இருந்து போகுது, எது கூடின படிக்கு ஏறுது, கட்டுப்பணம் எவ்வளவு, எந்தப் பாமசி விருப்பப் பாமசி (திட்டத்தோடு குறைந்த விலைக்கு ஒத்துக்கொண்ட பாமசி) என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

ஒக்ரோபர் 15 க்குப் பிறகு மெடிகெயரின் இணையத்தளத்தில் திட்டம் ஒப்பிடும் பக்கத்துக்குப் போங்கோ. அம்மாவின் கணக்கில் புகுந்தால் முன்பு எடுத்த மருந்துகள் தானாக வரும். இல்லாவிட்டால் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்து ஒவ்வொன்றாகப் போடலாம். போடும்போது போத்தலைக் கையில் வைத்திருங்கோ. சாதாரண மெற்ஃபோமினும் நீடித்து வேலை செய்கிற மெற்ஃபோமினும் வேறு. குளிசையும் கப்சியூலும் வேறு விலை. எலிக்விஸ் மாதம் 60 குளிசை. 30 என்று போட்டால் கணக்கு முழுக்கப் பிழைக்கும். இன்சுலினுக்குப் பேனையோ குப்பியோ என்று கேட்கும், எத்தனை பேனை என்றும் கேட்கும். ஒரு பேனையில் 300 அலகு. நாளுக்கு 14 அலகும், ஒவ்வொரு முறையும் ஊசியைச் சோதிக்க விடுகிற 2 அலகும் சேர்த்தால் 18 நாள். ஆக மாதத்துக்கு இரண்டு பேனை. பெட்டியில் ஐந்து வரும்.

பிறகு ஐந்து பாமசி வரை தெரிவு செய்யலாம். வீட்டுக்குக் கிட்ட உள்ள இரண்டு மூன்றையும் தபால் பாமசி ஒன்றையும் போடுங்கோ. ஒரே திட்டத்தில் ஒரே மருந்து விருப்பப் பாமசியில் ஒரு விலை, அடுத்த தெருவில் உள்ள மற்றதில் இன்னொரு விலை. முடிவு வந்ததும் "மருந்தும் கட்டுப்பணமும் சேர்ந்த வருசச் செலவு குறைவு" என்பதால் வரிசைப்படுத்துங்கோ. கட்டுப்பணம் பூச்சியம் என்று முதலில் நிற்கிற திட்டத்துக்கு ஆசைப்பட்டு விழுகிறவர்கள்தான் கூட.

கடைசியில் ஒவ்வொரு மருந்துக்கும் பக்கத்தில் மூன்று கட்டுப்பாடு இருக்கோ என்று பாருங்கோ: முன் அனுமதி, முதலில் மலிவான மருந்தைப் பாவித்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை, அளவுக் கட்டுப்பாடு. புதுத் திட்டத்துக்கு மாறி, மருந்து பட்டியலில் இல்லை என்று ஜனவரியில் தெரிந்தாலும் பதற வேண்டாம். முதல் 90 நாளுக்குள் ஒரு தடவை ஒரு மாத மருந்து இடைக்காலமாகக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் டொக்டரிடம் விதிவிலக்குக் கடிதம் எடுத்துப் போடுங்கோ. டொக்டரின் விளக்கம் கிடைத்து 72 மணித்தியாலத்துக்குள் திட்டம் முடிவு சொல்ல வேண்டும், அவசரம் என்று டொக்டர் குறித்தால் 24.

அம்மா இங்கே வந்த பிறகு அண்ணா மெடிகெயருக்கு அடித்துக் கேட்டால், அவவின் விபரம் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதற்கு ஒரு அதிகாரமளிப்புப் படிவம் இருக்கு, இலக்கம் சி.எம்.எஸ். 10106. அம்மா கையெழுத்து வைத்து முன்கூட்டியே அனுப்ப வேண்டும். 1-800-633-4227 க்கு எடுக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், காசில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் மெடிகெயர் இலவச ஆலோசனைத் திட்டமும் இருக்கு. அங்கே எந்தக் காப்புறுதியும் விற்க மாட்டார்கள். தரகரிடம் போக முதல் அங்கே போவது நல்லது.

பெப்ரவரி முதல் சித்திரை பற்றி: பாமசியில் "விடுமுறை மேலதிகம்" என்று கேட்டால், அவர்கள் திட்டத்துக்கு அடித்து அனுமதி எடுப்பார்கள். எத்தனை நாளுக்கு, வருசத்தில் எத்தனை தடவை என்பது திட்டத்துக்குத் திட்டம் வேறு. பயணத்துக்கு மூன்று கிழமைக்கு முன்பே கேட்டு, இல்லை என்றால் டொக்டரிடம் பேச நேரம் வைத்துக்கொள்ளுங்கோ. எல்லா மருந்தையும் ஒரே நாளில் புதுப்பிக்கிற மாதிரித் திகதியை ஒன்றாக்கச் சொல்லுங்கோ, இல்லாவிட்டால் ஒன்றுக்கு "இன்னும் 12 நாள் இருக்கு, தர ஏலாது" என்று வரும். தபால் பாமசியில் தானியங்கிப் புதுப்பிப்புப் போட்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு வாங்கோ. இல்லாவிட்டால் அண்ணா வீட்டு வாசலில் இன்சுலின் பெட்டி வெயிலில் கிடக்கும், காசும் எடுபடும்.


பருத்தித்துறை முனை:

ஒரு முக்கியமான விசயம் விடுபட்டுப் போச்சு. கொக்குவில் அக்காவின் அம்மாவுக்குத் தனி மருந்துத் திட்டம் என்பதால் தப்பினா. மெடிகெயர் அட்வான்ரேஜ் (மெடிகெயருக்குப் பதிலாகத் தனியார் நிறுவனம் நடத்துவது) திட்டத்துக்குள் மருந்தும் சேர்ந்து இருப்பவர்கள் கவனம். திட்டப் பிரதேசத்துக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் நின்றால் பொதுவாக அந்தத் திட்டத்தில் இருந்து எடுத்துவிடுவார்கள். தனிப் பாட் டி-க்கு அந்த எல்லை 12 மாதம். நவம்பரில் வந்து, பொங்கலும் சிவராத்திரியும் முடித்து, "நல்லூர்க் கொடியேற்றமும் பார்த்திட்டுப் போவம்" என்று நின்றால் ஓகஸ்ட் வந்துவிடும். அட்வான்ரேஜ் போயிருக்கும், அதோடு மருந்தும் போயிருக்கும்.

எஸ்.எஸ்.ஐ. காசு (வருமானம் குறைந்தவர்களுக்கான அமெரிக்க அரச உதவி) எடுக்கிற வயதானவர்களுக்கு இதைவிட இறுக்கம். 30 நாள் தொடர்ந்து அமெரிக்காவுக்கு வெளியே நின்றால் எஸ்.எஸ்.ஐ. நிற்கும். திரும்பிப் போய் 30 நாள் தொடர்ந்து அங்கே இருந்தால்தான் மீண்டும் தொடங்கும். எஸ்.எஸ்.ஐ. இருப்பவருக்கு மருந்துச் செலவுக்கான மேலதிக உதவி தானாகக் கிடைப்பதால், ஒன்றை இழுத்தால் மற்றதும் ஆடும்.

அந்த மேலதிக உதவி பற்றித் தெரியாமல் எத்தனையோ பேர் காசு கட்டிக்கொண்டிருக்கினம், அது எனக்குச் சரியான மனவருத்தம். 2024 முதல் வறுமைக்கோட்டின் 150 வீதம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு முழு உதவியும் உண்டு. 2025 கணக்கில் தனி ஆளுக்கு வருசம் 23,475 டொலர், கணவன் மனைவிக்கு 31,725. சொத்து எல்லையும் இருக்கு, ஆனால் குடியிருக்கிற வீடும் காரும் அதில் சேராது. கிடைத்தால் டிடக்டிபிள் இல்லை, தாமதத் தண்டமும் இல்லை. 2026 இல் ஜெனரிக்குக்குக் கூடியது 5.10, மற்றதுக்கு 12.65 டொலர். விண்ணப்பம் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு, படிவம் எஸ்.எஸ்.ஏ. 1020. மகன் வீட்டில் இருந்தாலும் மகனின் வருமானத்தை இதில் எழுதத் தேவையில்லை. பயந்து போடாமல் விடாதேங்கோ.


சுண்டிக்குளி மருந்தாளர்:

யாழ்ப்பாணப் பக்கத்தை நான் சொல்லுறன்.

அமெரிக்க வர்த்தகப் பெயரோடு இங்கே பாமசிக்கு வந்தால் அரைவாசிக்கு "அப்பிடி ஒண்டு இல்லை" என்ற பதில்தான். டொக்டரிடம் ஜெனரிக் பெயர், அளவு, எத்தனை நேரம் என்று எழுதின கடிதம் ஒன்று வாங்கி வாங்கோ. எலிக்விஸ் என்பது அபிக்சபான், ஜார்டியன்ஸ் எம்பாகிளிஃப்ளோசின், லான்ரஸ் இன்சுலின் கிளார்ஜின். மருந்தைப் பெயர் ஒட்டின அசல் போத்தலிலேயே கொண்டுவாங்கோ. இடத்தை மிச்சம் பிடிக்க எல்லாத்தையும் ஒரு பையில் கொட்டிக் கொண்டுவந்தால் சுங்கத்திலும் கேள்வி, ஆஸ்பத்திரியிலும் கேள்வி. இன்சுலின் கைப்பையில் மட்டும். விமானத்தின் கீழ்ப்பகுதியில் உறைந்தால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது, வேலை செய்யாது.

மெற்ஃபோமின், அற்றோவாஸ்ரற்றின் இங்கே எங்கேயும் எடுக்கலாம். அரச கிளினிக்கிலும் வழக்கத்தில் உள்ளவை. அவற்றுக்காகப் பெட்டியை நிரப்ப வேண்டாம். விடுமுறை மேலதிகம் குறைவாகக் கிடைத்தால் அதை அபிக்சபானுக்குப் பாவியுங்கோ. அது எந்த நாளும் எந்தக் கடையிலும் இருக்கும் என்று நம்பி வரக்கூடாத மருந்து. ஒரு நாள் விட்டாலும் இரத்தம் கட்டிபடுகிற ஆபத்து கூடும். கையிருப்புக் குறையும்போது இரண்டு நேரத்தை ஒரு நேரமாக்கி இழுக்கிறவர்கள் இருக்கினம். தயவுசெய்து செய்யாதேங்கோ. கிளினிக்கில் அதற்குப் பதில் வோபரின் (இதுவும் இரத்தம் கட்டிபடாமல் தடுக்கிற மருந்து) தந்தால், மாற்றுவது டொக்டரின் மேற்பார்வையில், ஐ.என்.ஆர். (இரத்தம் உறைகிற வேகம்) சோதனையோடு. இரண்டையும் தாங்களாகச் சேர்த்துக் குடித்தால் இரத்தக்கசிவு வரும்.

இதை வாசிக்கிற வேறு ஆட்களுக்காக: என்ட்ரெஸ்டோ எடுப்பவர் இங்கே பிறசருக்கு எனலாப்ரில் வாங்கிக் குடிக்கக் கூடாது. ஒன்றை விட்டு மற்றதுக்கு மாற 36 மணித்தியால இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் முகமும் தொண்டையும் வீங்கி மூச்சடைக்கலாம். அமெரிக்க மருந்துத் துண்டைக் காட்டாமல் "பிறசருக்கு ஒண்டு தாங்கோ" என்று கேட்கிற இடத்தில்தான் இது நடக்கும்.

இன்சுலினில் கிளார்ஜினும் கிளினிக்கில் கொடுக்கிற 30/70 கலவையும் அலகுக்கு அலகு மாற்றக்கூடியவை அல்ல. திறக்காத பேனை 2 முதல் 8 பாகை. திறந்தது 30 பாகைக்குக் கீழே 28 நாள். மாசி நடுப்பகுதிக்குப் பிறகு யாழ்ப்பாணத்துப் பகலில் அறை அந்த 30 ஐத் தாண்டும். குளிரூட்டி இல்லாத வீட்டில், தண்ணீர் ஊற்றின மண்பானைக்குள் சின்ன மூடின டப்பாவில் வைத்தால் சில பாகை குறையும்.

எம்பாகிளிஃப்ளோசின் பற்றி ஒன்று. அம்மா வருகிற நேரம் கந்தசஷ்டி. ஆறு நாளும் சாப்பிடாமல் இந்த மருந்தைத் தொடர்ந்தால், சீனி அளவு சாதாரணமாகக் காட்டும்போதே இரத்தத்தில் அமிலம் கூடலாம். விரதத்துக்கு முன் டொக்டரிடம் கேட்டு நிறுத்துவதோ குறைப்பதோ என்று முடிவெடுங்கோ. சத்திரசிகிச்சைக்கும் குறைந்தது மூன்று நாளுக்கு முன்பே இதை நிறுத்த வேண்டும்.

வாங்கும்போது தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவான மருந்தோ என்று கேளுங்கோ. அட்டையில் காலாவதித் திகதி தெரிகிற பக்கத்தை வெட்டாமல் தரச் சொல்லுங்கோ. கணக்கில் சேராவிட்டாலும் பில்லை வைத்திருங்கோ. அங்கே போனதும் டொக்டருக்கு என்ன மருந்து எடுத்தது என்று காட்ட உதவும்.


இணுவில் பெடியன்:

இடையில் கேட்பதற்கு மன்னியுங்கோ. அப்பா அம்மாவுக்குக் கிறீன் காட் மட்டும், அங்கே வேலை செய்ததில்லை. இவைக்கும் இந்தத் திட்டம் கிடைக்குமோ? சித்தி ஆக்கள் ரொறொன்ரோவில், அவைக்கும் இந்த 2,100 பொருந்துமோ?


வட்டூரான்:

தம்பி, 65 வயது நிரம்பி, கிறீன் காட்டோடு தொடர்ந்து ஐந்து வருசம் அங்கே வசித்திருந்தால் பாட் பி காசு கட்டி வாங்கலாம். 2026 இல் மாதம் 202.90 டொலர். வேலைக் கணக்கு இல்லாதவர் பாட் ஏ-யையும் வாங்குவதென்றால் மாதம் 565. பாட் டி-யில் சேர ஏ அல்லது பி ஏதாவது ஒன்று இருந்தால் போதும். ஐந்து வருசத்துக்குள் இங்கே நீண்டகாலம் வந்து நிற்பது "தொடர்ந்து வசித்தல்" என்பதை உடைக்கலாம், ஆகவே பயணத் திகதிகளை எழுதி வையுங்கோ.

கனடாவுக்கு இது எதுவும் பொருந்தாது. ஒன்ராறியோவில் 65 வயதானால் மாகாண மருந்துத் திட்டம் தானாக வரும். வருசத்தில் முதல் 100 டொலர், பிறகு ஒரு மருந்துத் துண்டுக்கு 6.11 வரை. வருமானம் குறைந்தவர்களுக்கு 2 டொலர் வரை. வருசம் ஓகஸ்ட் 1 இல் தொடங்கும்.


கொக்குவில் மகள்:

எல்லாருக்கும் நன்றி. அண்ணாவுக்கு எழுதி அனுப்பின பட்டியல் இது, விடுபட்டது இருந்தால் சொல்லுங்கோ. செப்ரெம்பரில் மாற்ற அறிவித்தலை எடுத்து வைப்பது. ஒக்ரோபர் முதல் கிழமை விடுமுறை மேலதிகம் கேட்பது, எலிக்விஸுக்கு முதலிடம். 15 க்கும் 25 க்கும் இடையில் திட்டத்தை ஒப்பிட்டு முடிப்பது. 10106 படிவம். ஜெனரிக் பெயரில் டொக்டர் கடிதம். தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துவது.


ஆனைக்கோட்டை அக்கா:

ஒன்றைச் சேருங்கோ. அக்கி நோய்க்கான ஷிங்றிக்ஸ் தடுப்பூசி 2023 முதல் பாட் டி-யில் பூச்சியம் டொலர். இரண்டு ஊசி, இடையில் இரண்டு முதல் ஆறு மாதம். மே மாதம் போனதும் முதலாவதைப் போட்டால், வெளிக்கிட முதல் இரண்டாவதும் முடிந்துவிடும்.

அடுத்த வருசம் திட்டம் ஒப்பிடும்போது இன்னொன்றையும் ஞாபகம் வையுங்கோ. 2027 ஜனவரி 1 இல் மேலும் 15 மருந்துக்குப் பேசின விலை வருது. 30 நாளுக்கு ஒசெம்பிக் 274, ஜனுமெற் 80, ட்ராஜென்ரா 78, பிறியோ எலிப்ரா 67. டொக்டர் ஜார்டியன்ஸோடு இவற்றில் ஒன்றைச் சேர்த்தால் இந்த வருசத்துக் கணக்கை வைத்து முடிவெடுக்காமல் புதிதாகப் போட்டுப் பாருங்கோ.